மொட்டைமாடி ரேடார்: கார் ஸ்டீரியோவில் எரிகல் எண்ணும் வேலை

முப்பது வருஷம் டிவி ஆன்டெனா மாட்டிய கை இது. கேபிள் வந்ததும் வேலூர் மாடிகளிலிருந்து நானே இறக்கிய குழாய்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கு இப்போது வேறு வேலை: வானில் எரிந்து விழும் எரிகற்களை ரேடியோவில் கேட்டு எண்ணுவது.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் ரோட்டில் காதங்கி வரும். அங்கே 1024 யாகி (பழைய டிவி ஆன்டெனா மாதிரி குழாய் வரிசை) ஆன்டெனாக்களோடு 53 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரேடார், தானே அலையை மேலே அனுப்பித் தானே வாங்குகிறது. நமக்கு அனுப்ப உரிமம் கிடையாது. அந்தப் பாதி வேலையை நாக்பூர் எஃப்எம் செய்யும். வேலூருக்கு நேர் வடக்கே, 900 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் சாதாரணமாக இங்கே கேட்காது. கேட்கக் கூடாது என்பதுதான் வசதி.

எரிகல் என்பது பெரும்பாலும் மணல் அளவு துகள்தான். அது நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, 80–110 கிலோமீட்டர் உயரத்தில் எரிகிறது. போன வழியெல்லாம் எலக்ட்ரான் கோடு. அயனி மண்டலத்தின் (மேலே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த காற்றடுக்கு) அடித்தட்டில் கிடக்கும் அந்தக் கோட்டில் நாக்பூர் அலை பட்டுத் தெறித்தால், நம் செட்டில் அரை நொடி இந்திப் பாட்டு.

ஆன்டெனா: கேபிள் மாட்டும் குழாயான டைபோல் 1.43 மீட்டர், பின்னால் அலையைத் திருப்பும் ரிப்ளெக்டர் 1.5, முன்னால் அலையைக் குவிக்கும் டைரக்டர் 1.36, இடைவெளி 60 சென்டிமீட்டர். குழாய்கள் படுக்கையாக இருக்கட்டும். டைரக்டர் இருக்கும் முனையை வடக்கே திருப்பி, பத்து டிகிரி தூக்கிவிடுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் 100 கிலோமீட்டர் உயரம் அங்கேதான் தெரியும்.

செட்டுக்கு காயலான் கடைக் கார் ஸ்டீரியோ போதும், 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். வாங்கும்போதே ஒன்று சோதியுங்கள்: ஸ்டேஷன் இல்லாத இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று இரைய வேண்டும். வாயை மூடிக்கொள்ளும் செட் உதவாது. பிறகு நாக்பூர் ஸ்டேஷன்களின் எண்களில், சென்னையோ பெங்களூரோ எட்டிப்பார்க்காத ஒன்றைப் பிடியுங்கள். இதற்கே எனக்கு நாலு ராத்திரி ஆனது.

விடியற்காலை 4 முதல் 6 உட்காருங்கள். பூமி ஓடும் பக்கத்தில் அப்போது நம் ஊர் இருக்கும். ஓடுகிற பஸ்ஸின் முன் கண்ணாடியில் தூறல் அதிகம் அடிக்கிற கதை. மாலை ஆறு மணிக்கு நாம் பின் கண்ணாடி.

எதை எண்ணுவது? முதல் வாரம் நான் போட்ட கோடுகளில் பாதி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ். ‘டக்’ சத்தம் கணக்கில்லை. இரைச்சல் சட்டென அடங்கி, பேச்சோ பாட்டோ வந்து தேய்ந்தால் எரிகல். மெல்ல ஏறி, நடுங்கி, மெல்ல இறங்கினால் விமானம். நிமிடக்கணக்கில் ஸ்டேஷன் உட்கார்ந்து பாடினால், அது ஸ்போராடிக் ஈ: ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் அயனிகள் திட்டாகக் கூடியிருக்கின்றன. அதற்குத் தனிப் பக்கம். பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு எண்ணுங்கள். மொத்தமாக எழுதினால் ஏற்ற இறக்கம் தெரியாது.

டிசம்பர் 13, 14 ஜெமினிட் ராத்திரிகள், வருஷா வருஷம் வரும் எரிகல் மழை. அன்று நம் பக்கம் மழை மூட்டமாக இருந்தாலும் ரேடியோவுக்குக் கவலையில்லை. போன முறை ஸ்டீரியோவுக்குக் குடை பிடித்தேன், நனைந்தது நான். ஆனால் மின்னல் தெரிந்தால் எழுந்துவிடுங்கள். கோடை இடிமழைக் காலத்தில் கேபிளைச் செட்டிலிருந்து பிடுங்கி வெளியே போட்டுவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.