குப்பை மேட்டுப் பக்கத்து மண்ணுல ஈயம், கட்மியம் இருக்கான்னு பார்க்கிறது எப்படி?

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்னைக்கே கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிஞ்சு வீடுகளை மூடினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சரியாம நிக்கிற மேட்டுலயும் ஆபத்து இருக்கு, பழைய பேட்டரி, பெயிண்ட், எலெக்ட்ரானிக் சாமான்ல இருந்து ஈயம், கட்மியம் மாதிரி நச்சு உலோகங்கள் மழைத்தண்ணியோட இறங்கி சுத்தி உள்ள மண்ணுல தங்கிடும். அதை அளக்கிறது லேப்காரங்க வேலைதான், ஆனா மண்ணை ஒழுங்கா எடுக்காட்டி எவ்வளவு பெரிய மெஷின்ல போட்டாலும் வாற நம்பரை நம்ப ஏலாது.

முதல்ல இடம். மேட்டுல ஏறவே வேணாம், சரியும், ஊசியும் கண்ணாடியும் கிடக்கும். தண்ணி எந்தப் பக்கம் வடியுதுன்னு பார்த்து அந்தப் பக்கமா, மேட்டுக்கிட்ட ஒண்ணு, கொஞ்சம் தள்ளி ஒண்ணு, வீட்டுத் தோட்டத்துல ஒண்ணுன்னு இடம் குறிங்க. குப்பை, மெயின் ரோடு, கராஜ் ஒண்ணும் கிட்ட இல்லாத, அதே மாதிரி மண் உள்ள இன்னொரு இடமும் கட்டாயம் வேணும், ஒப்பிட அதுதான் அடிப்படை.

மண் எடுக்க பிளாஸ்டிக் இல்லாட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி, நாகம் (சிங்க்) பூசின தகரம் வேணாம், அந்த நாகமே ரிசல்ட்ல வந்துடும். கிளவுஸ் போட்டு, மேல கிடக்குற இலை குப்பையை ஒதுக்கிட்டு, குறிச்ச ஒவ்வொரு இடத்துலயும் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை அஞ்சு குழியா தோண்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில நல்லா கலக்குங்க. பிறகு குவிச்சு, தட்டையாக்கி, நாலா பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கை மட்டும் வச்சுக்கிட்டு மறுபடி கலக்குங்க, கடைசியில அரை கிலோ அளவு வந்தா போதும். ஜிப் பேக்ல போட்டு உடனே இடம், தேதி, ஆழம் எழுதுங்க. அடுத்த இடத்துக்குப் போக முன்னம் கரண்டியைக் கழுவித் துடைக்கணும்.

வீட்டுல நிழல்ல வெள்ளைப் பேப்பர்ல காயவிட்டு, கல் வேர் பொறுக்கி, 2 மில்லிமீட்டர் நைலான் அரிப்புல அரிங்க. பாதரசமும் பார்க்கிறதா இருந்தா காயவிடாம லேப்ல கேட்டு அவங்க சொல்ற மாதிரி குடுங்க, அது ஆவியாப் போயிடும்.

லேப்ல அமிலத்துல கரைச்சு, உலோகத்தை அளக்கிற ஏஏஎஸ் இல்லாட்டி ஐசிபி-எம்எஸ் மெஷின்ல பார்த்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்னு தருவாங்க. அதை ஒப்பீட்டு மண்ணோட நம்பரால வகுங்க. உதாரணத்துக்கு ஈயம் இங்க 120, அங்க 30 எண்டா 4 மடங்கு, 3க்கு மேல போனாலே கணிசமான மாசுன்னுதான் கணக்கு. அமெரிக்கச் சூழல் முகமை குடியிருப்பு மண்ணுல ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை 2024ல கிலோவுக்கு 400 மில்லிகிராம்ல இருந்து 200க்கு குறைச்சிருக்கு, அந்த அளவுக்குக் கிட்ட வந்தாலே சின்னப் பிள்ளைகளை அந்த மண்ணுல விளையாட விடாதீங்க, கீரையை வெளிய இருந்து கொண்டுவந்த மண் நிரப்பின சாக்குல நடுங்க.