வீக்கம் வடிந்த பிறகும் வலிக்கிறதே: நாள்பட்ட அழற்சி வலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி, அதாவது உடலில் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருப்பதைக் காட்டும் புரதம், சரியாக இருக்கிறது. மூட்டு வீக்கமும் வடிந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) போன்ற நாள்பட்ட அழற்சி நோய் உள்ளவர்களில் பலர் இந்த இடத்தில்தான் குழம்பிப்போகிறார்கள். "வீக்கமே இல்லையே, அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கக் கேட்க, வலிப்பவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

வலியை வீக்கத்தின் அளவுகோலாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அழற்சி உள்ள இடத்தில் நோய் எதிர்ப்பு செல்கள் புரோஸ்டாகிளாண்டின், டிஎன்எஃப், இன்டர்லூகின் போன்ற பொருட்களைச் சுரக்கின்றன. இவை அங்குள்ள வலி நரம்புகளை உசுப்பி, சின்னத் தூண்டலுக்கே குரல் கொடுக்கும்படி மாற்றிவிடுகின்றன. வெயிலில் கன்றிய தோலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே எரிகிறது அல்லவா? டிஆர்பிவி1 என்ற சூட்டு உணரி சாதாரணமாகச் சுமார் 43 டிகிரி செல்சியஸில்தான் விழித்துக்கொள்ளும். அழற்சி அந்த வரம்பைக் கீழே இறக்கிவிடுகிறது. இந்த உணரியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விஷயம் மூட்டோடு நின்றால் வீக்கம் வடியும்போது வலியும் போய்விடும். ஆனால் 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர், காயத்துக்குப் பிறகு தண்டுவடத்தின் நரம்பு செல்களே கூடுதல் உணர்திறன் கொண்ட நிலைக்குப் போவதைக் காட்டினார். அங்கே மைக்ரோகிளியா என்ற எதிர்ப்பு செல்களும் இருக்கின்றன. வலிச் செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அவையும் கிளர்ந்தெழுந்து, தாமும் அழற்சிப் பொருட்களைச் சுரந்து, நரம்புகளை மேலும் உசுப்புகின்றன. மூட்டு அழற்சி அடங்கிய பிறகும் வலி உணர்திறன் அப்படியே நீடிப்பதை எலிகளில் செய்த ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மெல்லத் தொட்டாலே வலிக்கும் நிலைக்கு இதுவும் ஒரு காரணம். அது கற்பனை இல்லை, நடிப்பும் இல்லை. "ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி ஒருவரின் வாயை அடைப்பது, என்னைக் கேட்டால், இருப்பதிலேயே கொடுமையான தவறு. போதாததற்கு, தண்டுவட மூட்டு அழற்சி உள்ள பலருக்கு நோய் தீவிரமாக இருக்கும்போதே சிஆர்பி இயல்பாகக் காட்டும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். முடக்குவாத நோயாளிகளுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்து கொடுத்து மூளையைப் படம் பிடித்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. மூட்டு வீக்கம் குறையத் தொடங்கும் முன்பே, 24 மணி நேரத்துக்குள் மூளையில் வலி சார்ந்த செயல்பாடு தணிந்திருந்தது. ஆக, வலி குறைந்ததும் நோய் அடங்கிவிட்டது என்று நினைத்து மருந்தை நிறுத்துவதும் தவறு. மூட்டுக்குள் எலும்பு அரிக்கப்படுவது சத்தமில்லாமல் தொடரலாம்.

நரம்பு செய்தியைத் தூக்கிச் செல்லும் வெறும் கம்பி என்று நினைப்பதும் சரியல்ல. வலி நரம்புகள் தம் முனைகளிலிருந்து சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி ஆகிய பொருட்களைக் கொட்டி ரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன, எதிர்ப்பு செல்களையும் தூண்டுகின்றன. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்குப் பின்னாளில் முடக்குவாதம் வந்தால், செயலிழந்த பக்கத்து மூட்டுகள் பல நேரங்களில் தப்பிவிடுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நரம்பின் பங்கு எவ்வளவு என்று புரிய இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, "எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை. முடக்குவாதத்தில் எதிர்ப்பு மண்டலம் சொந்தத் திசுக்களையே தாக்குகிறது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் அதைக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு பக்கம் அதைச் சாப்பிட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லும் பொடியையும் மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

வலி மாத்திரைகளை மட்டும் நம்பி ஓட்டுவதும் அப்படித்தான். ஆஸ்பிரின் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் என்ற மருந்தியல் அறிஞர் காட்டினார். அழற்சி என்ற பெரிய சங்கிலியில் அது ஒரு கண்ணிதான். வலி தணியும், ஆனால் மூட்டு அரிக்கப்படுவதை இந்த மாத்திரைகள் நிறுத்தாது. நாள்கணக்கில் எடுத்தால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். ஸ்டீராய்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாரக்கணக்கில் எடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோன் உடனே கைகொடுக்காது. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

2022இல் வந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். திடீரென வந்த கீழ்முதுகு வலியில், ஆரம்ப அழற்சியே வலி ஆறுவதற்கு உதவக்கூடும் என்று அது காட்டியது. இதைப் படித்துவிட்டு "அழற்சி நல்லதுதானே" என்று முடக்குவாத மருந்தை விட்டுவிடக் கூடாது. வந்து ஆறிப் போகும் அழற்சி வேறு, அணையாமல் எரிந்துகொண்டே இருப்பது வேறு.

அசையாமல் படுத்தே கிடந்தால் தசை இளைக்கும், விறைப்பும் கூடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில் மெல்ல அசைவது நல்லது. தூக்கத்தைத் தியாகம் செய்யாதீர்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி உணர்திறன் கூடுவது சோதனைகளில் தெரிந்த உண்மை.

மருத்துவரிடம் போகும்போது "வலிக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, அசைந்தால் குறைகிறதா கூடுகிறதா, வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, தொட்டாலே வலிக்கிறதா என்று குறித்துக்கொண்டு போங்கள். மருந்தை மாற்றுவதா, நரம்பின் உணர்திறனைத் தணிக்கும் வழியைப் பார்ப்பதா என்று அவர் முடிவெடுக்க இது உதவும். ஒரே ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அது கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.