முதல் ஏர் ரைபிள்: பிள்ளையின் இன்றைய உடம்புக்கு வாங்குங்கள்

"வளர்ற புள்ளைங்க மேடம், கொஞ்சம் பெருசாவே பாத்து வாங்கிரலாமுங்களா?"

கோவையில் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் ரைபிள் பழக்குகிறேன். பள்ளி திறக்கும் ஜூன் மாதம் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். சீருடையை இரண்டு விரற்கடை பெரிதாக எடுத்தால் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ரைபிளை அப்படி மடிக்க முடியாது. மடங்குவது பிள்ளையின் முதுகுதான்.

ரைபிள் பெரிதாக இருந்தால் பிள்ளை அதைத் தாங்க இடுப்பை முன்னே தள்ளி, தோளைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி நிற்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படித்தான் நிற்கும், ஏனென்றால் வேறு வழியில்லை. சில மாதங்களில் உடம்பு அதையே சரியான நிலை என்று எடுத்துக்கொள்ளும். பிறகு பொருத்தமான ரைபிள் வந்தாலும் பழைய கோணலைத்தான் தேடும். இலக்கு அட்டையில் பத்தாவது வட்டம் என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. முழுப் போட்டி என்றால் 75 நிமிடத்தில் 60 குண்டு. கோணலாக நின்றுகொண்டு அத்தனை முறையும் அந்தப் புள்ளிக்குத் திரும்பி வருவது வளர்ந்தவர்களுக்கே ஆகாது.

இளவேனில் வாலறிவன் படத்தைப் போனில் காட்டி "இதே மாதிரி ரைபிள்" என்று கேட்கும் அப்பாக்களும் வருவார்கள். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து, டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் ஆடியவர் அவர். அந்தப் படத்தில் ரைபிளின் பெயரைப் பார்க்காதீர்கள். கன்னம் எங்கே படிந்திருக்கிறது, முழங்கை இடுப்பில் எங்கே ஊன்றியிருக்கிறது, தலை எவ்வளவு நேராக இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு திருகும் அவர் உடம்புக்கு வைத்தது. அதே ரைபிளை அப்படியே உங்கள் மகள் கையில் கொடுத்தால் அவளுக்கு எதுவும் பொருந்தாது.

வாங்குவதற்கு முன்னால் சில மாதம் கிளப் ரைபிளில் சுடட்டும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி எல்லாவற்றிலும் ரைபிள் கிளப் இருக்கிறது. பிள்ளைக்கு இதில் நிஜமாகவே பிடிப்பு இருக்கிறதா என்பது அந்தக் காலத்தில் தெரிந்துவிடும். சுட்டு முடித்த அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம். நீங்கள் கூப்பிட்டால்தான் கிளம்புகிறது என்றால் காசைக் கையிலேயே வைத்திருங்கள். பத்து வயதுக்குக் கீழே, மெலிந்த பிள்ளையாக இருந்தால் நான் நின்று சுடவே விடுவதில்லை. ரைபிளின் முன்பகுதியை ஸ்டாண்டில் வைத்துச் சுடச் சொல்வேன். சைட் (குறிபார்க்கும் கருவி) பார்ப்பதும் ட்ரிகர் இழுப்பதும் அப்படியே வந்துவிடும், முதுகுக்கும் பாரம் இல்லை. ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பெல்லட்டே (ஈயக் குண்டு) கொடுக்காமல் ஒளிக்கதிர் ரைபிளில்தான் தொடங்குகிறார்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: 0.177 அங்குல, அதாவது 4.5 மில்லிமீட்டர், போட்டி ஏர் ரைபிளுக்கு லைசன்ஸ் தேவையில்லை. அடையாள அட்டை கொடுத்து, பெரியவர் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். அந்த பில்லை ரைபிள் பெட்டியிலேயே வையுங்கள், பயணத்தில் கேட்பார்கள். 0.22 அங்குல ரைபிள் ஆயுதச் சட்டத்துக்குள் வரும், லைசன்ஸ் இல்லாமல் தொடக்கூடாது. முதல் ரைபிளாக அதை நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது எந்தப் போட்டி என்பது. நம் நாட்டில் இரண்டு பாதை இருக்கிறது. ஓபன் சைட் என்பது திறந்த பள்ளத்தின் வழியே குறிபார்ப்பது, தேசிய விதிப்படி நடப்பது. பீப் சைட் என்பது சிறு துளையின் வழியே குறிபார்ப்பது, உலகப் போட்டிகளிலும் இருப்பது. ஓபன் சைட்டில் உள்ளூர்த் தயாரிப்பு ரைபிள்களை வைத்தே மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போகலாம், செலவு பல மடங்கு குறையும். ப்ரெசிஹோல் மாதிரியான இந்திய ரைபிள்களில் தொடங்கி நன்றாக வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தால் இப்போது முடிந்தது அவ்வளவுதான் என்றால் தயங்காமல் அதில் தொடங்குங்கள். ட்ரிகரை நிதானமாக இழுப்பதும், சுட்ட பிறகும் ரைபிளை அசைக்காமல் பிடித்திருப்பதும் இரண்டுக்கும் ஒன்றுதான். பீப் சைட்டுக்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் இறக்குமதி ரைபிளைப் பற்றி யோசியுங்கள். புதிது இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

காற்று எப்படி அடைகிறது என்பதை வைத்து மூன்று வகை. குழலை மடக்கும் ஸ்பிரிங் ரைபிள் மலிவு. ஆனால் சுடும்போது உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து ரைபிளையே உலுக்கும். குண்டு குழலை விட்டுப் போவதற்குள் நடக்கும் அந்த ஆட்டத்தைச் சிறு பிள்ளையால் கட்டுப்படுத்த முடியாது. இரண்டாவது வகை, பக்கவாட்டு லீவரை ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்துவது. ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை, அன்ஷூட்ஸ் 2002 என்று பழைய ஜெர்மன் ரைபிள்கள் கைமாற்றில், அதாவது ஒருவர் பயன்படுத்தியதாக, குறைந்த விலைக்கு வரும். துல்லியத்தில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த லீவரை அறுபது முறை இழுக்க வேண்டும். இருபதாவது குண்டிலேயே பிள்ளையின் தோள் சோர்ந்து கை நடுங்கும். பதினைந்து வயதுப் பையனுக்குச் சரி, பதினோரு வயதுப் பெண்ணுக்கு வேண்டாம். மூன்றாவது, சிலிண்டரில் காற்றை அடைத்து வைத்திருக்கும் வகை. இன்று போட்டிகளில் எல்லாரும் வைத்திருப்பது இதுதான். லீவர் விரலால் திறக்கும், உலுக்கல் இல்லை. முடிந்தால் இதையே வாங்குங்கள்.

இந்த வகையில் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் மூவருமே பிள்ளைகளுக்கென்று சிறிய ரைபிள் செய்திருக்கிறார்கள். எது உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றுமே உங்கள் பிள்ளையைவிடப் பல வருடம் முன்னே இருக்கும். உங்கள் ஊரில் எதற்கு உதிரி பாகமும் பழுது பார்க்கும் ஆளும் கிடைக்குமோ அது நல்லது.

பொருத்திப் பார்ப்பது எப்படி

இதற்கு ஒரு காலைப் பொழுதை முழுசாக ஒதுக்குங்கள். பிள்ளை இல்லாமல் ரைபிள் வாங்கப் போகவே போகாதீர்கள்.

முதலில் கண். இரண்டு கையையும் நீட்டி விரல்களால் சின்ன முக்கோணம் செய்து, இரண்டு கண்ணும் திறந்தபடி அதன் வழியே தூரத்து பல்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே கையை முகத்துக்குக் கொண்டுவந்தால் ஆதிக்கக் கண்ணிடம் போய் நிற்கும். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆதிக்கம் என்றால் இரண்டு வழி. இடத்தோளில் வைத்துச் சுடப் பழகலாம், அல்லது குறிபார்க்காத கண்ணுக்கு முன்னால் 30 மில்லிமீட்டர் அகல வெள்ளைத் தடுப்பு வைக்கலாம். புதிதாகத் தொடங்கும் பிள்ளை என்றால் முதல் வழியைத்தான் நான் சொல்வேன், சில வாரத்தில் பழகிவிடும். இதை முடிவு செய்யாமல் வலக்கை ஸ்டாக் (குழலைத் தாங்கும் உடல்பகுதி) வாங்கிவிடாதீர்கள். கண்ணாடி போடும் பிள்ளையை அதற்கு முன்பே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது எடை. விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. அது உச்ச வரம்பு, பிள்ளைக்கான அளவு இல்லை. தொடக்கத்துக்கு நான்கு கிலோவுக்குள் இருக்கட்டும், கூடுதல் எடைக்கட்டிகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முன்பக்கம் கனம் இருந்தால் ரைபிள் அசையாது என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கனத்தைத் தாங்குவது வளரும் முதுகெலும்பு. பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதல் குண்டுக்கு நின்ற மாதிரி பத்தாவது குண்டுக்கும் நிற்கிறதா? ஒவ்வொரு குண்டுக்கும் தோள் இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறது என்றால் ரைபிள் கனம். "கனமா இருக்கா கண்ணு?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்று சொல்லாது, புது ரைபிள் கைநழுவிப் போய்விடுமே என்ற பயம். அதனால் கேட்காதீர்கள், பாருங்கள்.

பட், அதாவது தோளில் பதியும் பின்பகுதி, அதன் நீளம்தான் பெரும்பாலும் தப்பாகப் போகும் இடம். பட் தோளில் இருக்க, ஆள்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிகரில் நேராகப் படிய வேண்டும். விரல் நீட்டித் தேடினால் நீளம் அதிகம். ட்ரிகரையும் கொஞ்சம் பின்னால் நகர்த்தலாம், ஆனால் முதலில் பட் நீளத்தைக் குறைத்துப் பாருங்கள். மிகச் சிறியதாக்கியும் எட்டவில்லை என்றால் அந்த ரைபிள் உங்கள் பிள்ளைக்கு இல்லை, விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

கன்னத் தாங்கிக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளை எடுத்து, கன்னத்தை வசதியாக வைத்த பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். பீப் சைட்டின் துளை நடுவில் தெரிந்தால் உயரம் சரி. ஒரு ஓரத்தில் பிறைபோல் இருட்டு தெரிந்தால் தாங்கியை ஏற்றியோ இறக்கியோ, பக்கவாட்டில் தள்ளியோ மறுபடி பாருங்கள். தலையை நகர்த்திச் சரிசெய்ய விடாதீர்கள். தலை நிமிர்ந்தே இருக்கட்டும், ரைபிள் அதனிடம் வரட்டும்.

பிறகு இடது முழங்கை. நின்று சுடும்போது அது இடுப்பெலும்பின் மேல் ஊன்றும். ரைபிளைத் தாங்குவது எலும்பு, தசை இல்லை. பிள்ளைகளில் பலருக்குக் கை குட்டை, உடம்பு நீளம். முழங்கை இடுப்புக்கு எட்டாமல் அந்தரத்தில் நிற்கும், அல்லது எட்ட வைப்பதற்காகப் பிள்ளை இடுப்பை ஒருபக்கம் தூக்கும். ரைபிளின் முன்தாங்கியை, அதாவது இடது கை தாங்கும் பகுதியை, கீழே இறக்க வழி இருந்தால் இதைச் சரிசெய்யலாம். அலுமினிய ஸ்டாக் ரைபிளில் இந்த வசதி நன்றாக இருக்கும், பட், கன்னத் தாங்கி, முன்தாங்கி எல்லாமே பிள்ளையோடு சேர்ந்து வளரும். மர ஸ்டாக் விலை குறைவு, மாற்றும் இடங்களும் குறைவு. வளர்ச்சியை நினைத்துக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டுமென்றால் இந்த இடத்தில் செலவழியுங்கள். இன்றைக்குச் சின்னதாகவும் பொருந்தி, நாளைக்குப் பெரிதாகவும் ஆகிற ரைபிள் வேறு, இன்றைக்கே பெரிதாக இருக்கிற ரைபிள் வேறு.

கைமாற்று ரைபிள்

நல்ல வழிதான், நானே அதிகம் அதைத்தான் சொல்வேன். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் ஜூனியர் ரைபிள் ஒவ்வொரு கிளப்பிலும் யாரிடமாவது இருக்கும். பார்க்க வேண்டியது: சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் பயன்படுத்தக்கூடாது, அதைப் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. புது சிலிண்டர் விலையைக் கேட்டுவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள். காற்று நிரப்பி, அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்து, மறுநாள் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. ரைபிளைத் தாங்கியில் வைத்து, தெரிந்த ஒருவரை ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். 10 மீட்டரில் அட்டையில் ஏறக்குறைய ஒரே ஓட்டை தெரிய வேண்டும். சைட்டை இரண்டு பக்கமும் திருகி, ஒவ்வொரு கிளிக்கும் நகர்கிறதா என்று பாருங்கள். சீரியல் எண்ணைப் பில்லோடு ஒத்துப்பார்த்து, கைமாறியதை எழுதி வாங்குங்கள்.

காற்று எங்கே நிரப்புவீர்கள் என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் நிற்பது, சைக்கிள் கடையில் அடிக்க முடியாது. கிளப்பில் பெரிய சிலிண்டரோ கம்ப்ரசரோ இருக்கும். ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன்: ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து வெடிக்கும். "அதுவும் காத்துதானுங்க" என்று ஒருவர் என்னிடம் கேட்டபோது எனக்கு உடம்பே பதறிவிட்டது.

பெல்லட் தட்டைத் தலையாக இருக்கட்டும், அட்டையில் வட்டமாக வெட்டும். முதல் வருடத்தில் விலை உயர்ந்த ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 பெட்டிகளைப் போட்டிக்கு வைத்துக்கொண்டு, பயிற்சிக்கு அடுத்த தரத்தில் ஒன்று போதும். ஜாக்கெட்டை அளவெடுத்துத் தைக்கக் கொடுக்காதீர்கள், அடுத்த வருடம் ஆகாது. கிளப்பில் இரவல் வாங்குங்கள். கையுறையும் ஷூவும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ரைபிள் பூட்டிய பெட்டியில், பெல்லட் வேறு அறையில், சாவி பெரியவரிடம். வெளியே எடுத்தால் குழலுக்குள் முழு நீளத்துக்கும் பாதுகாப்புக் கயிறு (உள்ளே குண்டு இல்லை என்று காட்டுவது) போட்டிருக்க வேண்டும். இந்த ரைபிளால் கண் போகும், அருகில் என்றால் உயிரும் போகலாம். நண்பர்களிடம் காட்ட எடுத்தால் அந்த மாதம் முழுக்கப் பயிற்சி கிடையாது என்று நான் முதல் நாளே சொல்லிவிடுவேன், பெற்றோரும் அதில் என்னோடு நிற்க வேண்டும். பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பெட்டியைத் திறக்க விடாதீர்கள்.

குண்டில்லாமல் சுடும் வசதி இந்த ரைபிள்களில் உண்டு. தினமும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கால் மணி நேரம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது. ஸ்பிரிங் ரைபிளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், உள்ளே சேதமாகும்.

முதல் நாள் வைத்த அளவுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள்: பட் நீளம், கன்னத் தாங்கி உயரம், முன்தாங்கி, ட்ரிகர் இடம். பக்கவாட்டில் ஒரு போட்டோவும் எடுத்து ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நிறுத்தி இன்னொரு போட்டோ. கழுத்து குனிய ஆரம்பித்திருந்தால் பிள்ளை வளர்ந்துவிட்டது, பட் நீளத்தை ஒரு படி கூட்டுங்கள். ஒரு நாளில் ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் சைட்டை மறுபடி சரிபாருங்கள். மாநிலப் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எதையும் தொடாதீர்கள்.