கற்றல் பாணி: புது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூனில் பள்ளி திறந்ததும், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் பலர் ஒரு வினாத்தாளைக் கொடுத்து வகுப்பை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு 'கற்றல் பாணி' உண்டு, அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்கும் என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை. பி.எட். படிப்பில் கேட்டதை அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் இதே தவறைப் பார்க்கையில் எரிச்சல் அடங்குவதில்லை. கரும்பலகை எழுத்து சிறிதாக இருப்பது, ஒரே தொனியில் பேசுவது போன்றவை ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

பிள்ளைக்கு முத்திரை குத்துவது

வினாத்தாள் அளப்பது பிள்ளையின் விருப்பத்தை. திறனை அல்ல. கற்றல் பாணியைக் கண்டறியும் 'வார்க்' (VARK) வினாத்தாளை நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங்கும் கொலீன் மில்ஸும் 1992இல் முன்வைத்தது, தன் படிப்பு முறையை மாணவரே யோசித்துப் பார்க்கத் தூண்டுவதற்காக. வகுப்பைப் பிரிக்கும் கருவியாக அது பின்னால்தான் மாறியது. பிரிட்டன் கல்வி ஆய்வாளர் ஃபிராங்க் காஃபீல்டின் குழு 2004இல் கணக்கெடுத்தபோது இதுபோல் 71 கற்றல் பாணி மாதிரிகள் இருந்தன. எதை நம்பிப் பிரிப்பது?

பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் உண்டு என்று சொல்ல என்ன சோதனை வேண்டும் என்பதை 2008இல் அமெரிக்க உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் உடன் மூவரும் தெளிவாக வரையறுத்தார்கள். 'பார்த்துக் கற்பவர்'களில் பாதிப் பேருக்குப் படமாகவும், மீதிப் பேருக்கு ஒலியாகவும் பாடம் தர வேண்டும். 'கேட்டுக் கற்பவர்'களுக்கும் அப்படியே. பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு. முதல் குழுவில் படம் பார்த்தவர்களும், இரண்டாம் குழுவில் ஒலி கேட்டவர்களும் முந்தினால்தான் கோட்பாடு நிற்கும். இப்படி முறையாக நடந்த ஆய்வுகளே மிகக் குறைவு. அவற்றிலும் பல எதிரான விடையையே தந்தன. இந்தியானா பல்கலைக்கழக உடற்கூறியல் மாணவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்விலும், வார்க் காட்டிய பாணிப்படி படித்தவர்கள் மற்றவர்களை முந்தவில்லை.

பிடித்த முறையே பலன் தரும் என்று நம்புவதில்தான் கோளாறு. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் மறுவாசிப்புதான் சுலபம் என்று சொல்லும்.

இதனால் வரும் நஷ்டம் பெரிது. "நான் பார்த்துக் கற்பவன் சார், படித்தால் ஏறாது" என்று ஏழாம் வகுப்புப் பையன் சொல்லத் தொடங்கினால், அன்றோடு அவன் வாசிப்புப் பயிற்சி நிற்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோ எல்லோருக்கும் எழுத்தில்தான். ஆசிரியர் பக்கம், ஒரே பாடத்துக்கு மூன்று தயாரிப்பு. 40 நிமிட வகுப்பில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது 13 நிமிடம்.

பாடத்தைக் கேட்காமல் முறையைத் தேர்வது

எந்த வழியில் கற்பிப்பது என்பதைப் பாடம்தான் சொல்லும். ல, ள, ழ வேறுபாட்டை வண்ண அட்டையில் மட்டும் காட்டிப் பயனில்லை. ல-வுக்கு நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு வளையும், தொடாது. எல்லாப் பிள்ளைகளும் கேட்க வேண்டும், வாயால் சொல்ல வேண்டும், எழுத வேண்டும். ஆற்றின் போக்குக்கு வரைபடம். கோணம் அளக்கக் கையில் பாகைமானி.

பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்வோம். 1/3 + 1/4 = 2/7 என்று எழுதும் பிள்ளையின் கோளாறு பாணியில் இல்லை. தொகுதியையும் பகுதியையும் தனித்தனி முழு எண்களாக நினைத்துக் கூட்டியிருக்கிறது. "2/7 பெரிதா, 1/3 பெரிதா?" என்று கேளுங்கள். 2/7தான் சிறிது. கூட்டியபின் எப்படிக் குறைந்தது என்று அதுவே திகைக்கும். பிறகு 24 செ.மீ. நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை 2 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு 12 பாகமாக்கி, ஒன்றில் 4, மற்றதில் 3 பாகம் வண்ணமிடச் செய்து, அந்த 3 பாகத்தை வெட்டி முதல் பட்டையின் 4 பாகத்துக்கு அடுத்து ஒட்டச் சொல்லுங்கள். பட்டைகளின் நீளம் சமமாக இல்லையென்றால் பாடமே கெட்டுவிடும். 7/12 கண்ணுக்குத் தெரிந்த உடனே 4/12 + 3/12 என்று அருகில் எழுத வைக்க வேண்டும். வெட்டி ஒட்டியதோடு நின்றால் பிள்ளைக்குப் பட்டை நினைவிருக்கும், கணக்கு இருக்காது.

கண், காது சோதனையைத் தள்ளிப்போடுவது

பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதுபவனுக்குக் கண்ணாடி தேவைப்படலாம். அதைக் கற்றல் பாணி என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் முதலில் காட்டுங்கள்.

கார்ட்னரை இதோடு சேர்ப்பது

அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் சொன்ன பல்வகை நுண்ணறிவு, அறிவுத்திறன் ஒன்றல்ல, பல வகை என்பது. எந்த வழியில் கற்பது பிடிக்கும் என்னும் கற்றல் பாணி வேறு.

அப்படியானால் எல்லோருக்கும் ஒன்றே என்பது

இதுவும் தவறுதான். பிள்ளைகள் வேறுபடுகிறார்கள், முன்பே தெரிந்தது எவ்வளவு என்பதில். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படி பிரித்தது சரியான அளவுகோல். தொடக்க நிலையில் இருப்பவருக்குப் படிப்படியாகச் செய்துகாட்டிய கணக்கு தேவை. தேறியவருக்கு அதே உதவி இடைஞ்சல், புதுக்கணக்கைக் கொடுத்து விலகுங்கள்.

பிரித்த குழுவை ஆண்டு முழுக்க வைக்காதீர்கள். வகுப்பின் கடைசி 5 நிமிடத்தில் பெயரோடு ஒரு துண்டுத்தாளில் 3 கணக்கு வாங்குங்கள். மூன்றும் சரி, ஒரே வகைப் பிழை, வெற்றுத்தாள் என்று மூன்று அடுக்காக வையுங்கள். மறுநாள் குழு அந்த அடுக்கின்படி. நடு அடுக்குக்கு 10 நிமிடம் போதும், வெற்றுத்தாள் கொடுத்தவர்களோடு உட்காருங்கள்.