வீட்டுக்கூட்டத்தில் கிருபையைப் பாடமாக எடுப்பது எப்படி

பெங்களூரில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வீட்டுக்கூட்டத்தில் கிருபையைப் பற்றி, அதாவது தேவன் இலவசமாய்த் தரும் தயவைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர் முதலில் தாண்ட வேண்டியது கிரேஸ் மார்க்கை. கிருபைக்கு ஆங்கிலத்தில் கிரேஸ்; பிள்ளைகளுக்குக் கிரேஸ் என்றால் அதுதான்: தேற 2 மார்க் குறைந்தவனுக்கு அதைப் போட்டுத் தேற்றிவிடுவது. பெரியவர்கள் மனதிலும் இதே கணக்குதான். "நாம முடிஞ்சதைச் செய்வோம், மீதியைக் கர்த்தர் பார்த்துக்குவார்."

ஆகவே எபேசியர் 2ஆம் அதிகாரத்தை 8ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள். 1ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பாவத்தில் மரித்தவர்கள் என்கிறார் பவுல். செத்தவனுக்கு 2 மார்க் போட்டு என்ன பயன்? உயிர்தான் கொடுக்க வேண்டும். இது பிடிபட்டால், கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல என்கிற 8, 9 தானாக விளங்கும். 10ஐ விட்டுவிடாதீர்கள், நற்கிரியை இரட்சிப்பின் விலையல்ல, இரட்சிக்கப்பட்டவன் நடக்கிற வழி என்பது அங்கேதான் வருகிறது. இதற்கு 15 நிமிடம் போதும்.

அடுத்த 25 நிமிடமும் மத்தேயு 20:1-16க்கு, திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமைக்கு. ஆள் எடுத்த நேரங்களைத் தாளில் எழுதி நடுவில் வையுங்கள்: விடியற்காலை, காலை 9, நண்பகல் 12, மாலை 3, மாலை 5. வேதாகமத்தில் விடியலிலிருந்து எண்ணி 'பதினோராம் மணி' என்றிருப்பதைப் பிள்ளைகள் காலை 11 என்று எடுத்துக்கொண்டால் உவமையே கெட்டுவிடும். வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவன் அவன். காலையில் சர்க்கிளில் வேலைக்குக் காத்து நிற்கும் கட்டடத் தொழிலாளர்களை எல்லாரும் பார்த்திருப்பார்கள். 5 மணிவரை அங்கேயே நிற்பவன் மனநிலையைக் கேளுங்கள். பிறகு, காலையிலிருந்து உழைத்தவனுக்குக் கொடுத்த அதே ஒரு பணத்தைத் தோட்டக்காரர் மாலை 5க்கு வந்தவனுக்கும் கொடுத்தது நியாயமா என்று கேளுங்கள். கோபப்படுகிறவர்களைத் தடுக்க வேண்டாம். காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலி குறையவில்லை என்பதை 13ஆம் வசனத்தில் அவர்களே கண்டுபிடிக்கட்டும். கூலியையும் கிருபையையும் பிரித்துக் காட்டும் ரோமர் 4:4 இங்கே பொருந்தும்.

"அப்போ எப்படி வேணா வாழலாமா?" என்று ஒரு வாலிபர் கேட்டால் அதட்டாதீர்கள். ரோமர் 6:1இல் பவுலே எழுப்புகிற கேள்வி அது. தீத்து 2:11-12ஐக் காட்டுங்கள். அவபக்தியை வெறுக்கக் கற்றுக்கொடுப்பதே கிருபைதான்.

சிவாஜிநகர்ப் பக்கம் கத்தோலிக்க வீட்டார் வந்தால், அவர்கள் 'அருள்' என்பது இதையே என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முடிவில் சங்கீதம் 136. அங்கே 'கிருபை' என்பதன் மூலச்சொல் எபிரெய 'கெசெத்', உடன்படிக்கையில் மாறாத அன்பு. புதிய ஏற்பாட்டிலோ கிரேக்க 'காரிஸ்', இலவசமாய்த் தரப்படும் தயவு. 26 வசனங்கள். ஒவ்வொரு வசனத்தின் முதல் பாதியையும் ஒருவர் வாசிக்க, தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகளும் சேர்ந்து "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்லலாம்.