குடல் பேஜ்கள் இரத்தத்தில் நுழைகின்றனவா? ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றிக் கோழிப்பண்ணை நடத்தும் நம்மவர்களும், பிரிட்டோரியா அருகே ஒண்டர்ஸ்டெபூர்ட்டில் கால்நடை மருத்துவம் பயிலும் நம் மாணவர்களும் எழுப்பக்கூடிய கேள்வி இது: பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான பேஜ்கள், குடலைக் கடந்து விலங்கின் இரத்தத்துக்குள் செல்கின்றனவா? செல்கின்றன என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்குக் காட்டப்படும் சான்றுகளில் பல நிற்பதில்லை.

எல்லாரும் மேற்கோள் காட்டும் எண்ணிலிருந்தே தொடங்கலாம். மனிதக் குடலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 3,100 கோடி பேஜ்கள் உடலுக்குள் கடக்கின்றன என 2017-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆய்வகத்தில் வளர்த்த செல் அடுக்குகளை அவை ஊடுருவிய வேகத்தைக் கொண்டு போட்ட கணக்கு அது. யாருடைய இரத்தத்திலும் எண்ணிப் பார்த்ததன்று. மாறாக, 2005-இல் வெளியான ஆய்வில் டி4 என்னும் ஒருவகைப் பேஜைக் குடித்த தன்னார்வலர்களின் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) அது தென்படவில்லை. இந்த ஒரு பேஜை வைத்து எல்லாப் பேஜ்களுக்கும் தீர்ப்பு வழங்குவதும் அதே அளவு பிழையே.

தேடும் முறையிலும் சறுக்கல் உண்டு. பி.சி.ஆர். சோதனை மரபுப்பொருளைக் காட்டுமேயன்றி, அந்த பேஜ் இன்னும் பாக்டீரியாவைத் தாக்கவல்லதா என்பதைக் காட்டாது. பாக்டீரியாப் படலத்தில் தெளிவு வட்டம் தோன்றுகிறதா எனப் பார்க்கும் முறையோ, நாம் பரப்பிய பாக்டீரியாவைத் தாக்கும் பேஜை மட்டுமே காட்டும். குடலில் மிகுந்து வாழும் பாக்டீராய்டீஸ் இனங்களை ஆக்சிஜன் இல்லாத சூழலில்தான் வளர்க்க முடியும். அவற்றை விட்டுவிட்டு ஈ.கோலையை மட்டும் வைத்துச் சோதித்தவர் ‘இல்லை’ என்பதில் வியப்பென்ன?

கிடைத்துவிட்டாலும் உடனே மகிழ வேண்டாம். 1970களின் தொடக்கத்தில், செல் வளர்ப்புக்காக விற்கப்பட்ட விலங்குச் சீரங்களிலேயே பேஜ்கள் இருந்தது தெரியவந்தது. வடிகட்டிய கரைசல் என்பதாலும் ஐயம் தீராது: 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், பேஜைத் தடுக்காது. ஆகவே விலங்கின் இரத்தம் சேராத வெற்று மாதிரியையும் அதே கருவிகள், அதே கரைசல்கள் வழியே கொண்டுசெல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

நேரமும் முக்கியம். இரத்தத்தை அடைந்த பேஜ்களைக் கல்லீரலும் மண்ணீரலும் விரைவாக அகற்றிவிடுவதால், ஒரே ஒரு முறை எடுத்த இரத்தத்தில் இல்லையென்றால், அது எதையும் நிறுவாது. குடற்சுவர் புண்பட்ட கோழிகளில் ஊடுருவல் கூடக்கூடும் என்பதால், ரத்தக் கழிச்சல் கண்ட கோழிகளின் மாதிரிகளை நலமானவற்றோடு கலந்து சராசரி எடுப்பதும் கூடாது.