ஒரே மாதிரி இருக்குற இங்கிலீஷ் வார்த்தைங்களை தங்கிலீஷ் வச்சே பிரிக்கலாம் வாங்க

நம்ம டெல்டா பக்கம் இங்கிலீஷ்ல எழுத வேண்டி வர்றது சொசைட்டி லோன், பயிர் இன்சூரன்ஸ், பாஸ்புக் தொலைஞ்ச லெட்டர், பசங்களுக்கு லீவ் லெட்டர், கிட்டத்தட்ட இவ்ளோதான், ஆனா இதுக்குள்ளயே ஒரு எழுத்து மாறினா அர்த்தமே மாறிப்போற வார்த்தைங்க நெறைய கெடக்கு. போன்ல செவப்புக் கோடும் விழாது, ஏன்னா ரெண்டுமே சரியான ஸ்பெல்லிங்தான். நெட்ல நூறு ஜோடி போட்ட லிஸ்ட் கிடைக்கும், அதை மனப்பாடம் பண்ணாதீங்க, அடுத்த வாரமே எது எதுன்னு மாறிப்போயிடும்.

அதுக்கு பதிலா, வாட்ஸ்அப்ல தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறோம்ல, அந்த தங்கிலீஷை வச்சுக்கலாம்.

முதல்ல ஜோடியை ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதி, எந்த எழுத்து மாறுதோ அதுல மட்டும் வட்டம் போடுங்க. லூஸ்னு ரெண்டு இருக்கு. ஒண்ணு எல்-ஓ-எஸ்-ஈ, இன்னொண்ணு எல்-ஓ-ஓ-எஸ்-ஈ. முதலாவதுல கடைசி சத்தம் இசட், ரெண்டாவதுல எஸ், நம்ம வாயில ரெண்டும் ஒண்ணாத்தான் வரும், அதனால காதை நம்பாதீங்க.

அடுத்து அர்த்தத்தை தங்கிலீஷ்ல எழுதுங்க. ‘தொலை’ன்னு அடிச்சா ஒரே ஒரு ஓ வரும், ‘தொளதொள’ன்னு அடிச்சா ரெண்டு ஓ. முடிஞ்சுது. பாஸ்புக்கை தொலைச்சா ஒரு ஓ, சட்டை தொளதொளன்னு இருந்தா ரெண்டு ஓ.

இப்ப ஸ்டேஷனரிக்கு வாங்க. கடைசியில ஏ-ஆர்-ஒய் வந்தா அசையாம நிக்கிறது, அசையாமங்கிறதுல முதல் எழுத்தே ஏ. ஈ-ஆர்-ஒய் வந்தா நோட்டு பேனா, அதாவது எழுதுபொருள், அதை ஈ போட்டுத்தானே ஆரம்பிப்போம். கடை போர்டு சிலதுல ஏ-ஆர்-ஒய் போட்டிருப்பாங்க, பார்த்தா சிரிச்சுட்டு போயிடுங்க. சொல்லப்போனா ரெண்டும் ஒரே குடும்பம்தான், ஊர் ஊரா சுத்தி விக்காம ஒரே இடத்துல கடை போட்டு புத்தகம் வித்தவரைத்தான் அந்தக் காலத்துல ஸ்டேஷனர்னு சொன்னாங்க.

பிரின்சிபல் லோன் பேப்பர்ல கட்டாயம் வரும். ஏ-எல்னு முடிஞ்சா அசல், அசலை தங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க, அதுவும் ஏ-எல்னுதான் முடியும். காலேஜ் பிரின்சிபலுக்கும் இதே ஸ்பெல்லிங்தான். எல்-ஈன்னு முடிஞ்சா கொள்கை, தத்துவம், அதுக்கும் உங்க வட்டிக்கும் சம்பந்தமே இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி வீவர், வேவர். நெசவு செய்யுறவர் வீவர், கும்பகோணம் பக்கத்துல திருபுவனம் போனா பட்டு நெய்யுறவங்களை பார்க்கலாம். கடன் தள்ளுபடி வேவர், 2021 பிப்ரவரியில கூட்டுறவு பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடின்னு அறிவிச்சப்ப இங்கிலீஷ் பேப்பர் எல்லாத்துலயும் இந்த வார்த்தைதான். நெசவுன்னு அடிச்சா முதல்ல ஈ, அப்புறம் ஏ, வீவர்லயும் அதே வரிசை. தள்ளுபடியில முதல்ல ஏ, கடைசியில ஐ, வேவர்ல டபிள்யூவுக்கு அடுத்து அந்த ஏ-ஐ தான்.

எல்லாத்துக்கும் இது ஒத்து வராது. அஃபெக்ட், எஃபெக்ட் ரெண்டுக்கும் ஏ-பி-சி-டி வரிசையே போதும், ஏ முன்னாடி, ஈ பின்னாடி. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து தென்னையை எல்லாம் அடிச்சுப் போட்டுச்சே, அடிச்சது அஃபெக்ட், அதுக்கப்புறம் வருமானம் போனது எஃபெக்ட். எஃபெக்டை வினையா பயன்படுத்துற இடமும் இருக்கு, ஆரம்பத்துலயே அதைப் போட்டு குழப்பிக்க வேண்டாம்.

கடைசியா, ஒவ்வொரு ஜோடிக்கும் உங்க வீட்டு விஷயத்தையே வச்சு ரெண்டு வாக்கியம் எழுதி, வீட்ல யாரையாவது படிக்கச் சொல்லி, நீங்க பார்க்காம கேட்டு எழுதுங்க. நெறைய ஜோடி ஒரே மாதிரி கேக்குறதால அர்த்தத்தை யோசிச்சாத்தான் ஸ்பெல்லிங் வரும், பழக்கம் ஆகுறதே அங்கதான்.

கை பழக ஒரு ஜோடி தர்றேன். நாகப்பட்டினம் கடல் ஒரு சீ, அதைப் பார்க்குறது இன்னொரு சீ. ஒண்ணுல ஈ-ஏ, இன்னொண்ணுல ஈ-ஈ. ‘கடல்’னு அடிச்சுப் பாருங்க, எதுன்னு தெரிஞ்சுடும்.